மணிமேகலையைக் காணோம்!
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தது. வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, பைண்டு பண்ணி வைத்தவர் என் அம்மா. மணியம் வரைந்த படங்களோடு எங்கள் முடிச்சூர் வீட்டில் இருந்த அந்தத் தொகுப்பு 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூழாகிவிட்டது.

அதனால்தான் மணிரத்னம் படமெடுக்கிறார் என்றதும் என் அக்காவுக்கு அத்தனை ஆசை. 2022 செப்டம்பரில் வந்த முதல் படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். 2023 ஏப்ரலில் இரண்டாவது படம் முடிந்ததும், தாம்பரம் தியேட்டர் வாசலிலேயே சண்டை ஆரம்பம்!

"மணிமேகலை எங்கடா? கந்தமாறன் தங்கச்சியையே காணோமே! சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியோட நிஜப் பிள்ளைங்கிற முடிச்சும் போச்சு. அப்புறம் என்ன பொன்னியின் செல்வன்?" என்றார் அக்கா.

புத்தகத்தையே தொடாத என் பேரன் விடவில்லை. "பாட்டி, கடம்பூர் மாளிகையில நந்தினியும் ஆதித்த கரிகாலனும் சந்திக்கிற சீன் ஒண்ணு போதாதா?" என்றான்.

நான் நடுவில். ஐந்து பாக நாவலை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அக்காவின் கோபமும் நியாயமே. வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர் விடுவதோடுதான் நாவல் முடிகிறது. அந்த இடம் வந்தால் அம்மாவின் குரல் உடைந்துவிடும். அவளை எடுத்துவிட்டால் அக்காவுக்கு அம்மாவையே எடுத்துவிட்ட மாதிரி.

ஆட்டோவில் ஏறியதும் பேரன் மெதுவாகக் கேட்டான்: "யாரு பாட்டி அந்த மணிமேகலை?" முடிச்சூர் வரும்வரை அக்கா நிறுத்தவில்லை. வெள்ளம் காகிதத்தைத்தான் கரைத்தது, கதையை அல்ல என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பேரன் பிறகு நாவலை வாங்கிப் படித்து முடித்தான். படம்தான் விறுவிறுப்பு என்று இன்றைக்கும் அக்காவோடு மல்லுக்கு நிற்கிறான்!

நண்பர்களே, "புத்தகம் மாதிரி வராது" என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளாதீர்கள். படத்தில் விட்டுப்போனவர்களின் கதையைச் சொல்லுங்கள். தம்பி தங்கைகளே, கேளுங்கள். பிறகு நீங்களே படியுங்கள். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாகிவிட்டன. மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. படித்துவிட்டு எங்களோடு தாராளமாகச் சண்டை போடுங்கள்!