கூலிக்கு அல்லாத பயணம்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இச்சங்கத்தின் விழாவில், மாணவர் குழுக்கள் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று பழகுவதும் தொண்டு புரிவதும் பற்றிப் பேசுமாறு நமக்குப் பணித்துள்ளனர். பயணம் என்பது நம் மக்களுக்குப் புதிதன்று. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் மலைப்பாதையில் அமைந்த இந்த நாட்றாம்பாளையத்திலிருந்து நம்மவர் எத்தனை பேர் பெங்களூரின் கட்டட வேலைகளுக்குச் சென்றனர்! 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை தோன்றிய பின் எத்தனை பேர் அதன் ஆலைகளை நாடிச் சென்றனர்! அப்பயணங்களை நாம் இழிவாகக் கருதவில்லை. அவற்றின் கூலியில்தான் இங்குள்ள பல பிள்ளைகள் படித்தனர். ஆயினும் பிழைப்புக்காகச் செல்லும் பயணம் ஒன்று. கற்பதற்கும் கொடுப்பதற்கும் செல்லும் பயணம் வேறொன்று. முன்னது நமக்கு எப்போதும் கிடைத்தது. பின்னது பிறருக்கே உரியதென்று நாமே நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கையைக் கலைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறோம். நகரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவர் குழுவொன்று தொண்டு முகாமுக்காக நம் குடியிருப்புக்கு வந்தது. நல்ல பிள்ளைகள். சாக்கடையைத் தூர்வாரினர்; பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தனர்; மாலையில் நம் சிறுவர்களுக்குப் பாட்டும் விளையாட்டும் கற்பித்தனர். ஆனால் அவர்களுக்கான உணவு ஊர்ப்பக்கத்தில் சமைக்கப்பட்டு வந்தது. குடிநீரும் அங்கிருந்தே வந்தது. மூன்றாம் நாள், நம் தெருவைச் சேர்ந்த முதிய தாயொருவர் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் ஆக்கி, சட்டியோடு கொண்டுவந்து வைத்தார். "பழக்கமில்லை பாட்டி, வயிறு ஒத்துக்கொள்ளாது" என்று அவர்கள் பணிவாகவே கூறினர். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் வாழ்நாளெல்லாம் எத்தனையோ விதமான சாக்குகளைக் கேட்டுப் பழகிய அத்தாய், ஒரு சொல்லும் சொல்லாமல் சட்டியை முந்தானையால் மூடி எடுத்துச் சென்றார்.

மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து, "ஐயா, அவங்க நம்ம தெருவுக்கு வந்து வேலை செய்யறாங்க. நாம எப்போ அவங்க ஊருக்குப் போய் வேலை செய்யறது?" என்று கேட்டான். "நம்ம ஆளுங்கதான் எல்லா ஊருக்கும் வேலைக்குப் போறாங்களேப்பா" என்று நாம் விளையாட்டாகக் கூறினோம். "அது கூலிக்கு, ஐயா" என்றான் அவன்.

நாமும் இத்தகைய குடியிருப்பொன்றில் பிறந்து, அரசு விடுதியில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றவரே. ஆயினும் அச்சிறுவன் கேட்கும்வரை அக்கேள்வி நமக்குத் தோன்றியதில்லை. தொண்டு என்றால் பிறர் செய்வது, நாம் பெறுவது என்று நம் மனமும் பழகிப்போயிருந்தது.

அன்பர்களே! நம் மக்களின் பயண வரலாறு தனி வரலாறு. நமக்குப் பயணம் என்பது தெருவில் நடக்கும் உரிமையிலிருந்தே தொடங்கியது. பொதுச்சாலைகளையும் பொதுக் கிணறுகளையும் எல்லாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தவர் ரெட்டைமலை சீனிவாசன். அவரே கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். பின்னர் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் குரலை ஒலித்தவர்.

அண்ணல் தம் பயண அனுபவங்களை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் சிறுநூலில் எழுதியுள்ளார். 1901ஆம் ஆண்டு, கோரேகாவில் பணிபுரிந்த தந்தையைக் காணச் சிறுவர் சிலர் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினர். அவர்களில் பீமராவும் ஒருவர். அவர்கள் இன்ன சாதியினர் என்று அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. முடிவில் இரட்டிப்புக் கூலி தந்து, வண்டியைச் சிறுவர்களே ஓட்டிச் சென்றனர். கையில் உணவிருந்தும் குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லாமல் அன்றிரவைக் கழித்தனர். அதே நூலில் 1934ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றும் உண்டு. அண்ணல் முப்பது பேரளவில் ஒரு குழுவாகத் தௌலதாபாத் கோட்டையைக் காணச் சென்றார். வழிப்புழுதி போக அங்கிருந்த குளத்து நீரில் முகம் கைகால் கழுவியதற்காகப் பெருங்கூச்சல் எழுந்தது. முடிவில், கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவரை உடன் அனுப்பினர். உலகறிந்த பேரறிஞர் ஆன பின்னும் ஒரு சுற்றுலாவில் அவருக்கு நேர்ந்தது இது.

அதே 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அச்செய்தி கேட்டு சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் பியேர் செரசோல் இந்தியா வந்தார். முதல் உலகப்போரில் அழிந்த பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றை மீண்டும் எழுப்ப, 1920இல் பல நாட்டு இளைஞரைத் திரட்டி மண்வெட்டி ஏந்தியவர் அவர். ஒருவரோடொருவர் போரிட்ட நாடுகளின் மக்கள் ஒன்றாக மண் சுமந்தால் பகை தணியும் என்பது அவர் கொள்கை. பீகாரிலும் அவரும் தோழர்களும் முசாபர்பூர்ப் பகுதியில் வீடிழந்தோருக்காகச் சிற்றூர்களை எழுப்பும் பணியில் ஈடுபட்டனர். தொண்டுப் பயணம் என்னும் கருத்து நம் நாட்டில் வேரூன்ற இதுவும் ஒரு காரணமாயிற்று. ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், கடல் கடந்து வந்தவர் மண்ணைத் தொட்டு வேலை செய்தார். இம்மண்ணில் பிறந்தவர் குளத்து நீரைத் தொட்டதற்காகக் காவலுடன் நடந்தார். இவ்விரண்டையும் நம் பிள்ளைகள் சேர்த்தே படிக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் அரசே இத்துறையில் இறங்கியது. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. கொனாரக் கோயிலின் தேர்ச்சக்கரம் அதன் சின்னம். 'நானல்ல, நீ' என்பது அதன் குறிக்கோள். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் முறை. இன்று மேல்நிலைப் பள்ளிகளிலும் அது இயங்குகிறது.

அக்காலத்தே இளைஞர் முகாம்களுக்கென வாழ்வையே ஈந்தவர் எஸ். என். சுப்பாராவ். சேலம் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன்னெழுத்தில் சுமந்தவர் அவர். நம் பகுதியும் 1965 வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்ததே. சம்பல் பள்ளத்தாக்கில் அவர் ஆற்றிய தொண்டு, 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் கொள்ளையர் பலர் ஆயுதங்களை ஒப்படைக்கத் துணையாயிற்று. 1993இல் அவர் தொடங்கிய நல்லிணக்க ரயில் பயணத்தில், பல மாநில இளைஞர்கள் ரயிலிலேயே தங்கி, நின்ற ஊர்களிலெல்லாம் மிதிவண்டியில் சென்று ஒற்றுமையைப் பரப்பினர். 2021இல் அவர் மறைந்தார்.

இனி நம் அனுபவத்துக்கு வருவோம். அந்தச் சிறுவன் மேல்நிலை முதலாண்டு படித்தபோது, கருநாடக மாநிலத்தில் பல மாநில மாணவர் கூடிய முகாமுக்கு நம் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றோம். ஒவ்வொரு வீடாகச் சென்று இசைவு பெற்றோம். "பிள்ளை போனா யாரு சார் ஆடு மேய்ப்பாங்க?" என்று கேட்டார் ஒரு தந்தை. "பொண்ணை அனுப்பி ஏதாவது ஆனா?" என்று கேட்டார் ஒரு தாய். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆட்டை அண்டை வீட்டார் மேய்த்தனர். பெண்பிள்ளைகளுடன் ஆசிரியை ஒருவர் வந்தார்.

முதல் நாளே ஒரு சோதனை வந்தது. வேலைப் பங்கீட்டுப் பட்டியலில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் அனைவரும் கழிவறைத் தூய்மைக்கும், மற்றவர்கள் சமையலுக்கும் பரிமாறுதலுக்கும் எனக் குறிக்கப்பட்டிருந்தனர். பட்டியல் எழுதியவர், எண்ணிச் செய்ததன்று என்றார். எண்ணாமலே இப்படி எழுத வருகிறதே, அதுவே நோய் என்றோம் நாம். சண்டையிடவில்லை. நாள்தோறும் பட்டியல் சுழல வேண்டும் என்றும், முதல் நாள் துடைப்பத்தை ஆசிரியர்களே எடுப்பர் என்றும் கூறி, நாங்களே எடுத்தோம். மறுநாள் முதல் எல்லா மாநிலப் பிள்ளைகளும் முறை வைத்து எடுத்தனர். நான்காம் நாள் நம் பிள்ளைகள் சமையற்கூடத்தில் நின்று களி கிண்டினர். அன்று எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். உருண்டையை மெல்லாமல் விழுங்குவது எப்படி என்று நம் பிள்ளைகள் கற்றுக்கொடுத்தனர். மூடி எடுத்துச் செல்லப்பட்ட அந்தச் சட்டி நம் நினைவுக்கு வந்தது.

நம்முடன் வந்த மாணவி ஒருத்தி, வகுப்பில் தலை நிமிர்ந்து பேசியதில்லை. எல்லைப்புறச் சந்தைக்குத் தாயுடன் சென்று பழகியதால் கன்னடமும் தெலுங்கும் சரளமாக அறிந்தவள். அவ்வூர் முதியவர்கள் பேசியதை வடநாட்டு மாணவருக்கும், அவர்கள் கேட்டதை முதியவர்களுக்கும் அவளும் நம் ஆசிரியையும் மாறி மாறிச் சொல்ல நேர்ந்தது. மூன்றாம் நாளில் முகாமே அவளைத் தேடியது. தேர்வுத்தாளில் மதிப்பெண் பெறாத செல்வம் ஒன்று இவ்வெல்லைப்புறப் பிள்ளைகளிடம் உள்ளது என்பதை அன்றுதான் நாமும் உணர்ந்தோம்.

ஏரிக்கரையைப் பலப்படுத்துவது முகாமின் பணி. கேள்வி கேட்ட நம் மாணவன் மண் சுமந்தான். முகாம் முடிவில் ஒவ்வொருவரும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அவன் எழுதியது இவ்வளவே: "எங்கள் வீட்டில் எல்லாரும் மண் சுமந்திருக்கிறோம். வேலை முடிந்ததும் ஊர்க்காரர் ஒருவர் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லாருக்கும் தந்த டம்ளரிலேயே மோர் தந்தது இதுதான் முதல் தடவை." இதற்கு மேல் நாம் விளக்கம் கூற வேண்டுவதில்லை.

ஆகவே, இச்சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, ஆண்டுதோறும் நம் குடியிருப்புகளிலிருந்து பத்து மாணவரையேனும் இத்தகைய பயணத்துக்கு அனுப்ப வெள்ளிவிழா நிதியில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். அவருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பெருஞ்செலவு ஆகுமே என்று அஞ்ச வேண்டா. கல்விச் சுற்றுலா செல்லும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்கு ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு. ஊரகப் பகுதி அரசுப் பள்ளி மாணவருக்கும் ஆண்டுக்கொருமுறை அத்தகைய சலுகை உண்டு. தலைமையாசிரியர் உரிய சான்று அளித்தால் போதும். பல பிள்ளைகள் பின்தங்குவது ரயில் கட்டணத்தால் அன்று. காலணி, போர்வை, பை ஆகியவை இல்லாத கூச்சத்தால். அவற்றைச் சங்கம் வாங்கி வைத்து, ஆண்டுதோறும் வழங்கித் திரும்பப் பெறலாம்.

இரண்டாவது, துடைப்பமும் கரண்டியும் எல்லார் கையிலும் மாறி மாறி வரும் முகாமுக்கே நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். இதனை முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். கலைநிகழ்ச்சி என்ற பெயரில், "நீங்கள்தானே பறை அடிப்பீர்கள்" என்று எவரும் பணிக்கவும் இடந்தரலாகாது. கலையாகக் கற்று, விரும்பி வாசிக்கும் பிள்ளை பெருமையுடன் வாசிக்கட்டும். விரும்பாத பிள்ளை கவிதை படிக்கட்டும்.

மூன்றாவது, வெளியூர் மாணவர் நம்மிடம் வரும்போது வரவேற்போம். ஆனால் அவர்கள் நம் வீட்டில் உண்டு, நம் திண்ணையில் உறங்க வேண்டும். எந்த வேலை தேவை என்பதை நம் மக்களே கூற வேண்டும். அவர்கள் நமக்குக் கற்பிப்பது போல், கேழ்வரகு விளைவிப்பதையும், யானை நடமாடும் காட்டுப்பாதையில் நடப்பதையும் நாமும் அவர்களுக்குக் கற்பிப்போம். கொடுப்பவர் ஒரு பக்கமும் பெறுபவர் மறுபக்கமும் நின்றால் அது தருமம். இருபக்கமும் இரண்டும் நிகழ்ந்தால்தான் அது பண்பாட்டுப் பரிமாற்றம்.

இன்று வாய்ப்புகள் பெருகியுள்ளன. 2015இல் அறிவிக்கப்பெற்ற ஒன்றிய அரசின் மாநிலப் பரிமாற்றத் திட்டத்தில் தமிழ்நாடு ஜம்மு காஷ்மீருடன் இணைக்கப்பட்டது. 2022 நவம்பரில் நம் மாநில அரசு, அரசுப் பள்ளி மாணவர் குழுவொன்றை ஐக்கிய அரபு நாடுகளுக்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றது. இவற்றில் நம் பிள்ளைகளின் பெயர் இடம்பெற வேண்டுமானால், விண்ணப்பம் எழுதும் நாளிலேயே நாம் விழித்திருக்க வேண்டும்.

தாய்மார்களே! பிள்ளையை அனுப்பத் தயங்குவது அன்பினால் என்பதை அறிவோம். மசூர் நிலையத்தில் இறங்கிய சிறுவர்களுக்குத் தண்ணீர் தர ஒருவருமில்லை. இன்று நம் பிள்ளைகளுடன் ஆசிரியர் வருவர். சங்கம் துணை நிற்கும். சட்டமும் துணை நிற்கும். அனுப்பிவையுங்கள். அவர்கள் கூலியின்றி உழைத்து, தலை நிமிர்ந்து திரும்புவர் என்று உறுதி கூறி அமைகிறோம்.