கண்ணைப் படம்பிடிப்போரின் சஞ்சிகை



நல்லாசிரியர் ஒருவர் ஓய்வுபெறும்போது அவர் பாடஞ் சொல்லும் முறையும் அவருடனேயே வீடு சென்றுவிடுகின்றது. தச்சருக்கும் கொல்லருக்கும் நேர்ந்ததும் இதுவே. கைகள் அறிந்ததை ஏடுகள் அறியாமற் போயின. இக்குறையை ஒரு சிறு தொழிற்கூட்டத்தார் எவ்வாறு நீக்கிக்கொண்டனர் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அவர்கள் கண்ணின் உட்புறத்தைப் படம்பிடிப்போர். 1969 இல் ஐக்கிய அமெரிக்காவில் அவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1978 இல் அச்சங்கம் ‘ஜேர்னல் ஒவ் ஒப்தால்மிக் போட்டோகிராபி’ என்னும் சஞ்சிகையை வெளியிடத் தொடங்கிற்று.

படம்பிடிக்க ஒரு சஞ்சிகை எதற்கு என நீங்கள் வினவலாம். விழித்திரையைப் படம்பிடிப்பது எளிதன்று. கண்மணி என்னும் சிறு துவாரமே அங்குள்ள ஒரே வாயில். ஒளி புகுவதும் அவ்வழியே. படம் வெளிவருவதும் அவ்வழியே. 1851 இல் ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணுங் கருவியை உலகுக்கு அறிவித்தார். ஆயினும் 1886 இல் ஜக்மன், வெப்ஸ்ரர் என்னும் இருவர் விழித்திரையைப் படம்பிடித்தபோது, ஒரு படத்துக்கு இரண்டரை நிமிடம் கண் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. 1926 இல் நோர்டென்சன் என்பாரின் முயற்சியால் சைஸ் நிறுவனத்தின் படக்கருவி வந்த பின்னரே இவ்வேலை வைத்தியசாலைகளுக்கு ஏற்றதாயிற்று.

பின்னர் நொவொற்னி, அல்விஸ் என்னும் இரு மருத்துவ மாணவர் ஒரு புதுவழி கண்டனர். புளோரெசின் என்னுஞ் சாயத்தைக் கையின் நாளத்திற் செலுத்தி, நீலவொளி பாய்ச்சி, விழித்திரையின் குருதிக் குழாய்கள் ஒளிர்வதைப் படமாக்கினர். 1961 இல் அவர்களது கட்டுரை வெளிவந்தது கண் வைத்திய ஏட்டிலன்று. இதயத்தையும் குருதியோட்டத்தையும் பற்றிய ஏடொன்றிலேயாம். கண்ணைப் படம்பிடிப்போருக்கெனத் தனியேடு அன்று இருக்கவில்லை.

இத்தொழிலின் நுட்பங்கள் பார்வைக்குச் சிறியவை, பயனோ பெரிது. ஓர் உதாரணம் கூறுவேன். பழைய படக்கருவியின் பார்வை வில்லையினுள் மெல்லிய குறுக்குக்கோடுகள் உள. அவை தமக்குத் தெளிவாகத் தெரியுமாறு படம்பிடிப்பவர் முதலில் வில்லையைத் திருப்பியமைத்தல் வேண்டும். அதனைச் செய்யாதுவிடின், நோயாளியின் விழித்திரை அவருக்குத் துலக்கமாய்த் தோன்றும்; படத்திலோ மங்கலாய் விழும். அவருடைய கண்ணே தன்னைச் சரிசெய்துகொண்டு அவரை ஏமாற்றிவிடும். பிறர் கண்ணை நோக்குபவன் தன் கண்ணை முதலில் அறிந்திருத்தல் வேண்டும் என்பது இங்கு வெறும் நீதிமொழியன்று, தொழில் விதியாகும். வில்லையிற் படிந்த தூசு நோய்ப்புள்ளி போலத் தோன்றுவதும், இமைமயிரின் நிழல் படத்தைக் கெடுப்பதும் இத்தகையனவே. அனுபவத்தாற் கற்ற இவற்றை ஒருவர் எழுத, கடலுக்கப்பால் இன்னொருவர் படித்துப் பயனடைவதற்குத் தொழிற் சஞ்சிகையே வழி.

இதனால் நமக்கென்ன? நீரிழிவு நோய் விழித்திரையைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலியுமில்லை. பார்வைக் குறைவும் தோன்றாதிருக்கலாம். ஆண்டுதோறும் எடுக்கும் படங்களை ஒப்பிட்டே வைத்தியர் மாற்றத்தை உணர்கின்றார். மங்கலான ஒரு படம் கசியுங் குழாயை மறைத்துவிடின், சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிடலாம். ஒருவரின் பார்வை, பெயரறியாத ஒரு படக்கலைஞரின் பொறுமையில் தங்கியிருக்கின்றது.

1991 இல், விழித்திரையின் படைகளை ஒளியலைகளாற் பிரித்துக்காட்டும் முறை அறிவிக்கப்பட்டது. தானே குவியஞ் செய்யுங் கருவிகளும் இன்றுள்ளன. ஆயினும் அஞ்சி நடுங்கும் முதியவரை ஆறுதற்படுத்தி, “இன்னும் ஒரு கணம், அசையாதிருங்கள் ஐயா” என்று கூறுவது மனிதனே. நிழலெது, நோயெது என ஐயுறும் பழக்கமும் பயிற்சியால் வருவதே.

தாம் கற்றதை மறைக்காமல் எழுதிவைக்கும் தொழிலாளர் எத்தொழிலில் உளரோ, அத்தொழில் அவர்களோடு மறையாது. தாதியரும் கம்மியரும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.