வீட்டின் விலையும் கடனின் வட்டியும்

நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் கொள்முதல்களுள் மிகப் பெரியது வீடு ஆகும். அம்முடிவை இரண்டு எண்கள் பெரிதும் நிர்ணயிக்கின்றன. ஒன்று வீட்டின் விலை. மற்றொன்று கடனுக்குரிய வட்டி விகிதம். இவ்விரண்டும் ஒரே தன்மையுடையன அல்ல. விலை, பத்திரம் பதிவாகும் நாளோடு முடிந்துவிடுகிறது. வட்டியோ, கடன் தீரும்வரை மாறக்கூடியது.

இந்தியாவில் வங்கிகள் வழங்கும் வீட்டுக் கடன்களுள் பெரும்பாலானவை மாறும் வட்டி கொண்டவை. 2019 அக்டோபர் 1 முதல் இத்தகைய புதிய கடன்களின் வட்டியை, ரெப்போ விகிதம் போன்றதொரு வெளி அளவுகோலுடன் வங்கிகள் இணைக்கவேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்தது. 2020 மே மாதத்தில் 4 சதவீதமாகக் குறைக்கப்பட்ட ரெப்போ விகிதம், 2022 மே முதல் படிப்படியாக உயர்த்தப்பட்டு 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டியது. 2025 பிப்ரவரியில் குறைப்பு மீண்டும் தொடங்கியது.

இம்மாற்றத்தின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 30 லட்சம் ரூபாய்க் கடனை 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். வட்டி 9 சதவீதமானால் தவணை ஏறத்தாழ 26,990 ரூபாயாகிறது. கடன் பெற்ற உடனேயே வட்டி இவ்வாறு உயர்ந்து, தவணையை உயர்த்தாமல் காலத்தை மட்டும் நீட்டினால், கடன் தீர 38 ஆண்டுகளுக்கு மேலாகும். 35 வயதில் கடன் பெற்றவர் 73 வயதிலும் தவணை செலுத்திக்கொண்டிருப்பார். வட்டி 9.5 சதவீதமாயின், முதல் மாத வட்டியே 23,750 ரூபாய். பழைய தவணை அதற்கும் போதாது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடனாளியே தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது இக்காரணம் பற்றியே.

சந்தையில் இதன் விளைவு யாது? அதே 23,260 ரூபாய்த் தவணைக்கு 9 சதவீத வட்டியில் சுமார் 25.85 லட்சம் மட்டுமே கடனாகக் கிடைக்கும். வாங்குவோரின் சக்தி 4 லட்சத்திற்கு மேல் குறைகிறது. ஆயினும் விற்போர் உடனே விலையைக் குறைப்பதில்லை. முன்பு கேட்ட விலையையே எதிர்பார்த்துக் காத்திருப்பர். எனவே முதலில் குறைவது விற்பனையின் எண்ணிக்கை. விலை பின்னரே அசையும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு 30 ஆண்டு நிலையான வட்டிக் கடன் பரவலாக உள்ளது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் 3 சதவீத அளவில் கடன் பெற்றோர், 2023இல் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியபோது, மலிவான கடனை இழக்க மனமின்றி வீட்டை விற்கத் தயங்கினர். மாறும் வட்டி நிலவும் இந்தியாவில் அத்தகைய தளை பெரும்பாலும் இல்லை.

வட்டி குறையட்டும் எனக் காத்திருப்பது இலாபமா? 40 லட்ச ரூபாய் வீட்டிற்கு 10 லட்சம் கைப்பணமாகவும் 30 லட்சம் கடனாகவும் கொள்வோம். ஓராண்டில் வட்டி 9 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்து, விலை 5 சதவீதம் உயர்ந்தால், கடன் 32 லட்சமாகும். தவணை சுமார் 27,770 ரூபாயாகும். முன்னரே வாங்கியவரின் தவணை, வட்டிக் குறைவின் பயனால், 26,100 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மாறாக, விலை தேங்கியோ இறங்கியோ இருப்பின் காத்திருந்தவருக்கே ஆதாயம்.

ஆகவே, வட்டி மிகக் குறைந்தும் விலை மிக உயர்ந்தும் உள்ள காலமே வாங்குவோருக்கு ஆபத்து மிகுந்தது. உயர்ந்த விலை அப்படியே நிற்கும். குறைந்த வட்டி நிலைக்காது. வட்டி 2 சதவீதம் கூடினாலும் தாங்கக்கூடிய தவணையையே குடும்பம் ஏற்கவேண்டும். கடனின் முடிவு ஓய்வு பெறும் நாளுக்கு முன்னதாக அமையவேண்டும். இவ்விரு வரம்புகளுக்குள் அடங்கும் வீடு சிறியதாயினும் நிலைக்கும் உடைமையாகும்.