எட்டு யானைகளும் பூட்டிய நிலையமும்

பட்டதாரிகளே, 2005 ஆகஸ்ட் 28 அன்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் புவாங்கோக் வட்டாரத்துக்கு வந்தபோது, சாலையோரத்தில் எட்டு வெள்ளை யானைகள் நின்றிருந்தன. எல்லாம் அட்டையில் வெட்டியவை. தமிழருக்கு வெள்ளை யானை என்றால் இந்திரனின் ஐராவதம். ஆங்கிலேயருக்கோ தீனி போட்டே ஆளைக் கடனாளியாக்கும் வீண் சொத்து. கட்டி முடித்தும் திறக்காத பெருவிரைவு ரயில் நிலையத்தைத்தான் அந்த வட்டாரத்தார் அப்படிக் குத்திக் காட்டினார்கள்.

வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூன் 20 அன்று ஓடத் தொடங்கியது. 20 கிலோமீட்டர், 16 நிலையங்கள், சுமார் 460 கோடி வெள்ளி. தேக்கா சந்தைக்குப் பையோடு வருவோருக்கு லிட்டில் இந்தியா நிலையம் காலடியிலேயே கிடைத்தது. புவாங்கோக், உட்லீ இரண்டின் கதவுகள் மட்டும் திறக்கவில்லை. சுற்றிலும் வீடுகள் போதாது, வசூலாகும் கட்டணம் நடத்தும் செலவுக்குக் காணாது என்பது ரயிலை ஓட்டிய எஸ்பிஎஸ் டிரான்சிட்டின் கணக்கு.

கூட்டல் சரிதான். ஆனால் கூட்டியது யாருடைய செலவை? பூட்டிய நிலையத்தைத் தாண்டிப் பேருந்தில் போய் அடுத்த நிலையத்தில் ரயிலேறியவரின் காலை நேரத்துக்கு அந்தப் பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று முன்பே நடந்திருந்தது. 1967 முதல் 1971 வரை நடந்த நகரத் திட்ட ஆய்வு, 1992க்குள் சிங்கப்பூருக்கு ரயில் தேவைப்படும் என்றது. தொடர்பு அமைச்சர் ஓங் டெங் சியோங் அதற்காக மல்லுக்கு நின்றார். துணைப் பிரதமர் கோ கெங் சுவீக்கு நம்பிக்கை வரவில்லை. பேருந்தால் ஆகிற காரியத்துக்கு ரயில் எதற்கு என்பது அவர் பக்கத்து வாதம். 1980இல் ஹார்வர்ட் வல்லுநர் குழுவும் பேருந்தே போதும், செலவும் குறைவு என்று சொல்லிவிட்டது. விவாதம் தொலைக்காட்சி வரை போனது. பிறகு வந்த விரிவான போக்குவரத்து ஆய்வுதான் வாதத்தைத் திருப்பியது: பேருந்துகளை மட்டுமே நம்பினால் நகர மையத்துச் சாலைகள் தாங்காது. 1982 மே மாதம் 500 கோடி வெள்ளித் திட்டத்துக்கு அரசு சம்மதித்தது. 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை, ஐந்தே நிலையங்களோடு, முதல் பகுதி திறந்தது.

வென்றவர் ஓங். அதற்காகக் கோ கெங் சுவீயை வில்லனாக்க வேண்டியதில்லை. இன்று ரயிலில் இடம் கிடைக்காமல் நிற்கும் எவருக்கும் அவர் பிடிவாதம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஏன், எதற்கு என்று கேட்க ஒருவர் இருந்ததால்தான் ரயில் வேண்டும் என்ற ஆசை, இத்தனை பயணிகள், இத்தனை சாலை, இத்தனை வெள்ளி என்று எண்ணிச் சொல்லும் தேவையாக மாறியது. புவாங்கோக்கில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே எண்கள் தயாராக இருந்தன. எண்ணப்படாதவர்கள்தான் அட்டையை வெட்ட வேண்டியிருந்தது.

யானைகளை நிறுத்தியது பற்றிக் காவல்துறை விசாரித்தது. கடும் எச்சரிக்கையோடு விவகாரம் முடிந்தது. 2006 ஜனவரி 15 அன்று நிலையம் திறந்தது. உட்லீ 2011 ஜூன் வரை காத்திருந்தது.

உங்களில் சிலர் அமைச்சுகளிலும் நிலப் போக்குவரத்து ஆணையத்திலும் இத்தகைய கோப்புகளைப் புரட்டப் போகிறீர்கள். 'தேவை போதாது' என்று எழுதும் முன், அந்த ஊர்க்காரர் போகும் பேருந்தில் ஒரு காலை வேளை நின்றுகொண்டு போய்ப் பாருங்கள். பிறகும் அதையே எழுத நேர்ந்தால், தயங்காமல் எழுதுங்கள்.

விழா முடிந்து வட்டப் பாதையில் வீடு திரும்புவோர் கால்டிகாட் நிலையம் தாண்டியதும் சன்னல் பக்கம் திரும்பிப் பாருங்கள். இருட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் புக்கிட் பிரவுன் நிலையம் அங்கேதான் இருக்கிறது. 2011 முதல் ரயில்கள் நிற்காமலே அதைக் கடக்கின்றன.