தேருக்கு விட்ட வழியும் நீருக்கு விடாத வழியும்

 

‘பழைய நகரமும் புதிய வளர்ச்சியும்’ என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். இரண்டு நாளும் வரைபடங்கள், அட்டவணைகள், அரசாணைகள் என்று நிறையப் பார்க்கப்போகிறோம். அதற்கு முன்னால் ஒரு தேரைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

சிறுவயதில் தெற்கு மாசி வீதியில் உறவினர் வீட்டு மாடியிலிருந்து சித்திரைத் தேர் பார்த்திருக்கிறேன். தேர் வந்த காட்சியைவிட அதற்கு முந்தைய நாள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. கடைக்காரர்கள் வாசலுக்கு மேல் நீட்டியிருந்த தகரத்தை அவர்களே கழற்றினார்கள். நடைபாதையை மறைத்த பந்தல் பிரிந்தது. மின்வாரியத்தார் ஏணி போட்டுக் குறுக்கே ஓடிய ஒயர்களை அவிழ்த்தார்கள். யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை, புல்டோசர் வரவில்லை. “நாளைக்குத் தேர் வருதுல்ல” என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. மதுரையின் முதல் நில அளவையாளர் அந்தத் தேர்தான் என்று பின்னாளில் இந்தத் துறைக்கு வந்தபோது புரிந்துகொண்டேன்.

மதுரையின் அமைப்பை வெளிநாட்டுப் பாடநூல்கள் தாமரை மலருக்கு ஒப்பிடும். ஊர்க்காரர்களுக்கு அது காலண்டர். கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்தது ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. திருவிழா நடக்கும் மாதமே தெருவுக்குப் பெயர். ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தை அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையோடு சேர்த்து வைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மரபு. 1623 முதல் 1659 வரை ஆண்ட அந்த மன்னர், கூட்டத்துக்காகத் தெருவை இடித்து அகலப்படுத்தவில்லை. இருந்த பெரிய தெருவுக்கு விழாவை மாற்றினார். இடத்தைத் தொடாமல் காலத்தை மாற்றிய இந்த யோசனை நம் திட்ட வரைவுகளில் அரிதாகவே தென்படுகிறது.

கீழ மாசி வீதியின் பலசரக்கு மொத்தக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டு வண்டிக்கு அளவான தெருவில் லாரியும் குட்டியானையும் ஒரே நேரத்தில் மூட்டை இறக்குகின்றன. தெருவை அகலமாக்க முடியாது. ஆனால் மூட்டை இறக்கும் மணியை மாற்றலாம். எந்தத் தெரு, எந்த மணியில், யாருக்கு என்று பதில் சொல்லும் கட்டுரை இந்த அரங்கில் ஒன்றாவது வரட்டும்.

இனி வளர்ச்சிக்கு வருகிறேன். இறைவன் கையிலிருந்த பாம்பு வாலை வாயால் கவ்விச் சுற்றிப் படுத்து மதுரைக்கு எல்லை காட்டியதாகத் திருவிளையாடல் கதை சொல்கிறது. ஆலவாய் என்ற பெயர் அதனால் வந்தது. நாயக்கர் காலத்தில் கோட்டை மதில் எல்லையாயிற்று. 1840-களை ஒட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அந்த மதில் இடிக்கப்பட்டது. மதில் மண்ணே அகழியைத் தூர்த்தது. வெளி வீதிகள் அங்கே பிறந்தவைதான். பக்கத்திலேயே மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பிளாக்பர்னுக்கு ஊர் நன்றியாக எழுப்பிய விளக்குத்தூண் இப்போது துணிக்கடைப் பகுதி ஒன்றின் பெயர். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேற்குக் கோட்டை வாசலின் மிச்சத்தைக் காணலாம்.

மதில் போனபிறகு வளர்ச்சி வேகமெடுத்தது. 1866-ல் நகராட்சி. 1875-ல் ரயில் வந்தது. வண்டி நின்ற மேற்குப் பக்கம் விடுதிகளும் கிட்டங்கிகளும் எழுந்தன. 1889-ல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வைகையின் வடகரையை ஊரோடு இணைத்தது. 1892-ல் ஹார்வி மில். 1971-ல் சென்னைக்கு அடுத்தபடியாக மாநகராட்சி. 2011-ல் 72 வார்டுகள் 100 ஆயின, பரப்பு 51.82 சதுர கிலோமீட்டரிலிருந்து 147.97-க்குத் தாவியது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் சுமார் 10.18 லட்சம் பேர், விரிந்த எல்லைக்குள் சுமார் 14.66 லட்சம் பேர். பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்கானபோது மக்கள்தொகை ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். அன்று மாநகராட்சிக்குள் வந்தவற்றில் பெரும்பகுதி வீடுகளாக இருக்கவில்லை; வயலும் கண்மாயும் வரத்துக் கால்வாயுமாக இருந்தது.

என் உரையின் மையம் இந்த இடம்தான். தேரைப் போலவே தண்ணீரும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. தேர் வரும் பாதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தோம். தண்ணீர் வரும் பாதைக்கு வடம் பிடிக்க யாரும் இல்லை. மதுரைச் சமவெளி சங்கிலிக் கண்மாய்களின் நாடு: மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு, கடைசியில் ஆற்றுக்கு. ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் காயும், மேலே உள்ளதெல்லாம் மூழ்கும். ஆயக்கட்டு வயல்கள் பிளாட்டாக மாறியதும் மடை திறக்க ஆளில்லை. மடைக்கு வேலை இல்லாத கண்மாய் வெறும் காலி மனையாகத் தெரிய ஆரம்பித்தது. தல்லாகுளம், பீபிகுளம் என்று பெயரில் மட்டும் குளம் தங்கிவிட்ட பகுதிகள் எத்தனை! 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்ட இடத்தின் பெயர் உலகனேரி. பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கூடலழகர் கோயிலை மாலைபோல் சுற்றி ஓடியதாகப் புராணம் சொல்லும் கிருதுமால் நதி, பழைய நகருக்குள் இன்று சாக்கடை. 2024 அக்டோபரில் சில மணி நேர மழைக்கே செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. செல்லூர்க் கண்மாய் தன் பழைய பாதையில் ஆற்றுக்குப் போகப் பார்த்தது. பாதையில் நாம் இருந்தோம்.

நம்பிக்கை தரும் எதிர்ச்சான்றும் நம் ஊரிலேயே இருக்கிறது. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம் என் காலத்தில் கிரிக்கெட் மைதானம். தெப்பத் திருவிழா நாளில் தண்ணீரில்லாமல் நிலைத்தெப்பமாகவே முடிந்த ஆண்டுகள் உண்டு. வைகைக்கும் குளத்துக்கும் இடையிலான பனையூர்க் கால்வாயைச் சீரமைத்தபிறகு குளம் நிறைந்தது, தெப்பம் மிதந்தது. மற்றக் கால்வாய்களுக்குக் கிடைக்காத கவனம் அதற்கு மட்டும் ஏன் கிடைத்தது? அந்தத் தண்ணீருக்கு ஒரு திருவிழா இருந்தது. கேட்பதற்கு ஆள் இருந்தது.

நகரமைப்பு வரலாற்றில் இதைப் புரிந்துகொண்ட ஒருவர் நூறாண்டுக்கு முன் மதுரைக்கு வந்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடஸ் 1914-15-ல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றி மதுரைக்கும் ஓர் அறிக்கை எழுதினார். சுகாதாரத்தின் பெயரால் பழைய தெருக்களைக் குறுக்கே வெட்டி நேர்ச்சாலை போடும் வழக்கத்தை அவர் எதிர்த்தார். பாழடைந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, காற்றும் வெளிச்சமும் வர விட்டு, மற்றதைக் காப்பாற்றுங்கள் என்பது அவர் வைத்தியம். சில ஆண்டுகள் கழித்து இந்தூரில் அவர் செய்தது இன்னும் சுவையானது. தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் வராது, நன்றாகச் சுத்தம் செய்த தெருக்கள் வழியாகத்தான் வரும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தை எடுத்தது. தென்னாட்டுத் தேர் வீதிகளைப் பார்த்துவிட்டுப் போனவருக்கு அந்த யோசனை எங்கே பிறந்திருக்கும் என்று ஊகிக்க எனக்கு ஆசை. ஊகத்தை ஆய்வாக்குவது இளைஞர்கள் வேலை.

பழைய நகருக்குள் நாம் போட்ட விதிகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது 1997 அரசாணை. மீறல்கள் நீதிமன்றம்வரை போயின. கோபுரத்தை மறைக்காதே என்று சொன்ன விதி, அதன் நிழலில் இருப்பவர் எப்படிப் பிழைப்பது என்று சொல்லவில்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பற்றியது. 2020 தீபாவளியன்று தெற்கு மாசி வீதிப் பக்கம் துணிக்கடைத் தீயை அணைக்கப்போன வீரர்கள் இருவர், பழங்கட்டடம் இடிந்து உயிரிழந்தார்கள். பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் அழகோடு ஆபத்தும் இருக்கிறது. பழைய வீட்டைக் காப்பாற்றச் சொல்பவர்கள், அந்த வீட்டின் மாடியில் எத்தனை பொதி துணி அடுக்கியிருக்கிறது என்பதையும் எண்ண வேண்டும்.

2016-ல் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பெரியார் பேருந்து நிலையம் புதிதாயிற்று. வட ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பலமாடி வாகன நிறுத்தம் எழுந்தது. வைகையின் இரு கரையிலும் சாலை வந்தது. புதுமண்டபத்துத் தையல்காரர்களும் பாத்திரக்காரர்களும் குன்னத்தூர்ச் சத்திரத்துக்குப் போனார்கள். இவற்றில் நல்லதும் உண்டு. வண்டி வராத சித்திரை வீதியில் குழந்தைகளோடு நடப்பது சுகம்தான். ஆனால் ஆற்றின் ஓரத்தைச் சாலைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த பெருவெள்ளம் எங்கே ஒதுங்கும் என்ற கேள்விக்கு நாம் இன்னும் விடை எழுதவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். வீட்டு மனைகளுக்கும் சாலைகளுக்கும் நிறம் தீட்டிய பிறகு மிஞ்சியதை நீலமாக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்குங்கள். முதலில் கண்மாய், கலுங்கு, வரத்துக் கால்வாய், ஆறு, அதன்பின் மற்றவை. தேர் வீதியை அளந்ததுபோல நீர்வழியையும் ஆண்டுதோறும் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து நடந்து அளக்க வேண்டும். தோப்பூர் முதல் ஒத்தக்கடை வரை விரியும் புதிய மதுரைக்கு இந்த ஒழுங்கு இப்போதே வேண்டும். பட்டா போட்டபிறகு பேசிப் பயனில்லை.

ஆவணி மூல வீதி எந்தக் கதைக்காக விழாக் காண்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வைகை பெருகியது, வீட்டுக்கு இவ்வளவு கரை என்று பங்கு பிரித்தார்கள். ஆளில்லாத வந்திக் கிழவியின் பங்கை அடைக்க உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு வந்த கூலியாள் வேலை செய்யவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி, பாண்டியன் உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. இதை இறைவனின் விளையாட்டாகவே கேட்டு வளர்ந்தோம். செல்லூர் வெள்ளத்துக்குப் பிறகு எனக்கு அது பொறியியலாகவும் கேட்கிறது: ஒரு பங்கு கரை அடைபடாவிட்டால் அடி ஊருக்கே.

நிகழ்ச்சி நிரலில் நாளை காலை மாசி வீதிகளில் மரபு நடை என்று இருக்கிறது. தலைவர் என்ற உரிமையில் அதற்கு ஒரு முன்னுரை சேர்க்கிறேன். ஐந்தரை மணிக்குச் செல்லூர்க் கண்மாய்க் கரையில் கூடி, பந்தல்குடி கால்வாயை ஒட்டி வைகைவரை நடப்போம். மாசி வீதி அதற்குப் பிறகு. நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், பாதை சுத்தமாக இருக்காது.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.