மூச்சை அடக்கித் தூக்காதீர்கள்

(நமது அறக்கட்டளையின் காலை நடைப்பயிற்சிக் குழுவினரிடையே, சுபுஹு தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சர்க்கரை பற்றியும் ரத்தக் கொதிப்பு பற்றியும் இங்கே பலமுறை பேசிவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ், நம் மஹல்லாவில் நடக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வாலிபர்கள் ஜிம்முக்குப் போகிறார்கள். பெண்கள் மொட்டை மாடியில் நடக்கிறார்கள். எத்தனை நிமிடம், எத்தனை கிலோ என்று கணக்குப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் மூச்சை என்ன செய்கிறோம் என்று மட்டும் பார்ப்பதில்லை. இன்று பேச்சு அதைப் பற்றித்தான்.

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்வோம். பிரியாணி தேக்சாவை இறக்க நாலு பேர் கூடுகிறார்கள். பிஸ்மி சொல்லி, மூச்சை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறார்கள். முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. இறக்கி வைத்ததும் ஒருவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. "காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால்தான்" என்று சொல்லி ஒரு டீயைக் கொடுக்கிறோம். பசியும் காரணமாக இருக்கலாம். அடக்கிய மூச்சு காரணமாக இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. பிரியாணிக்குத் தம் போடலாம்; தூக்குகிறவர் தம் கட்டக் கூடாது.

மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் கூடுகிறது. உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தக் குழாய்களை அது நெருக்குகிறது. ரத்த அழுத்தம் முதலில் சட்டென்று ஏறுகிறது. இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்ததும் இறங்குகிறது. மூச்சை விட்டவுடன் இன்னும் கொஞ்சம் இறங்கி, பிறகு மறுபடி எகிறுகிறது. எல்லாம் சில வினாடிகளுக்குள். தலைசுற்றலும் கண் இருட்டுவதும் அந்த இறக்கத்தில்தான் வருகின்றன. இத்தாலிய மருத்துவர் வால்சால்வா (1666-1723) பெயரால் மருத்துவர்கள் இந்த முக்கலைக் குறிப்பிடுகிறார்கள்.

எவ்வளவு ஏறும்? கனடாவில் உடற்கட்டு வீரர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்து, 1985-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளியபோது ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை போயிருந்தது. நாம் 150 என்றாலே பயப்படுகிறோம். எடையும் காரணம், அடக்கிய மூச்சும் காரணம். அவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள், தாங்கிக்கொண்டார்கள். கொதிப்புக்கு மாத்திரை போடுகிற, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிற, சர்க்கரையால் கண்ணின் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிற நம் வீட்டுப் பெரியவர்களின் நிலை வேறு. குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் இந்த முக்கல் ஆகாது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறோம்: மலச்சிக்கலில் முக்குவதும் இதே வேலைதான். முதியவர்கள் கழிவறையில் மயங்கி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது எளிது. கஷ்டமான பாதியில் மூச்சை வெளியே விடுங்கள், சுலபமான பாதியில் உள்ளே இழுங்கள். தண்டால் எடுக்கிறவர் கீழே போகும்போது இழுத்து, எழும்பும்போது விட வேண்டும். உட்கார்ந்து எழும் பயிற்சியிலும் அப்படியே. கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. அதை நகர்த்தும்போது வாயைக் குவித்து, விளக்கை ஊதி அணைப்பதுபோல ஊதிக்கொண்டே நகர்த்துங்கள். ஜனாஸாவின்போது சந்தூக்கைத் தோளுக்கு ஏற்றுகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். மூச்சு மறந்து போகிறது என்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுகிறவரால் தம் கட்ட முடியாது.

ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழும்போது முட்டிவலிக்காரர்கள் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். எழும்போதே தக்பீரைச் சொன்னால் மூச்சு தானாக வெளியே போகும். இதனால் தொழுகையே ஓர் உடற்பயிற்சி என்று பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. தொழுகை இபாதத். உடற்பயிற்சியைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

நடக்கிறவர்களுக்கு வேறொரு கணக்கு. சாதாரணமாக நாம் ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 500 மில்லி காற்று. அதில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும், ரத்தத்தில் சேராது. நிமிடத்துக்கு 12 முறை 500 மில்லி இழுத்தால் 4.2 லிட்டர் காற்று நுரையீரலின் உள்ளறைகளுக்குப் போய்ச் சேரும். அதே 6 லிட்டரை 24 முறை 250, 250 ஆக மேலோட்டமாக இழுத்தால் போய்ச் சேர்வது 2.4 லிட்டர்தான். இழுத்த காற்று ஒன்று, கிடைத்தது ஏறக்குறைய பாதி. ஆகவே நடக்கும்போது தோளைத் தூக்கி நெஞ்சால் மூச்சு வாங்காமல் வயிறு லேசாக முன்னே வரும்படி இழுங்கள். படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் கையை வைத்து நாலு நாள் பழகினால் வந்துவிடும். மெதுவாக நடக்கையில் மூக்கால் இழுப்பது நல்லது; தூசியை வடிகட்டும், காற்றை ஈரமாக்கும். வேகம் கூடும்போது வாயும் திறந்தால் குற்றமில்லை.

வேகத்துக்கு அளவுகோல்: ஸலவாத்தை முழுசாக ஓதிக்கொண்டு நடக்க முடிய வேண்டும். ராகம் போட்டு ஓத முடிந்தால் வேகம் போதாது. பாதியில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடக்கவும் வேண்டாம். நிறைந்த இரைப்பை மூச்சுத்தசை இறங்க இடம் கொடுக்காது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பது நாம் அறிந்ததே.

வீசிங் உள்ள பிள்ளைகளை விளையாடவே விடாமல் பூட்டி வைக்கிறோம். தேவையில்லை. மருத்துவர் சொன்னால், விளையாடப் போகும் முன் இன்ஹேலர் எடுத்துக்கொண்டு அவர்களும் ஓடலாம். "பழகிப்போய்விடும்" என்று உம்மாமார்கள் அதை ஒளித்து வைப்பதுதான் ஆபத்து.

நடந்தால் மூச்சு வாங்கும். நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். அப்படி அடங்காமல் நெஞ்சில் பாரம், தாடையிலோ இடது கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை என்று வந்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் அது வரலாம். நேற்று வரை ஏறிய மாடிப்படியில் இன்று பாதியில் நிற்க வேண்டியிருந்தால், அடுத்த நடைப்பயிற்சிக்கு வரும் முன் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது எல்லோரும் எழுந்து நின்று, கையை வயிற்றில் வைத்துப் பத்து மூச்சு இழுத்துப் பார்ப்போம். முடியாதவர்கள் நாற்காலியிலேயே செய்யலாம்.