பாஸ் ஆச்சு, அப்புறம்? பழைய காரும் எம்.ஓ.டி. சோதனையும்

இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் வருஷத்தில் ஒரு நாள் வயிற்றில் புளியைக் கரைக்கும். அதுதான் எம்.ஓ.டி. நாள். இன்னைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போறேன்.

ஊரிலிருந்து புதுசா வந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். நம்ம ஊரில் சொந்தக் காருக்கு 15 வருஷம் வரைக்கும் எஃப்.சி. பற்றிய கவலையே கிடையாது. லாரிக்காரரும் டாக்ஸிக்காரரும்தான் அதுக்கு அலைவாங்க. இங்கே காருக்கு 3 வயசு ஆனதும் வருஷா வருஷம் சோதனை. 1960-இல் இதை ஆரம்பித்தபோது 10 வருஷம் ஆன வண்டிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 1961-இல் அது 7 ஆச்சு, 1967-இல் 3 ஆச்சு.

இப்போ என் கதைக்கு வர்றேன். என் காருக்கு அப்போ 12 வயசு. சோதனையில் பாஸ். சந்தோஷமா சர்டிபிகேட்டை மடிச்சு டேஷ்போர்டுக்குள்ள வச்சுட்டேன். அதில் 'அட்வைசரி' என்று ஒரு வரி இருந்தது: பின்பக்க பிரேக் பைப்பில் லேசான துரு. பாஸ்தானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுட்டேன்.

அடுத்த வருஷம் சோதனை செய்தவர் காரை லிஃப்டில் தூக்கி வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டார். "இதைப் பாருங்க" என்று டார்ச் அடிச்சுக் காட்டினார். அதே பைப், செதில் செதிலா உரிஞ்சு கிடந்தது. ரிசல்ட்டில் 'டேஞ்சரஸ்' என்று போட்டார். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை மூணு வகையாகப் பிரிக்கிறாங்க. மைனர் என்றால் பாஸ்தான், ஆனால் சரிசெய்யணும். மேஜர் என்றால் ஃபெயில். டேஞ்சரஸ் என்றால் சரிசெய்யாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது.

"பழைய சர்டிபிகேட்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்கே?" என்று கேட்டேன். "அது இதுக்குச் செல்லாது" என்றார். பஸ் ஏறித்தான் வீட்டுக்கு வந்தேன். முந்தின நாள்தான் அதே காரில், பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கிட்டு வர, மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் வந்திருந்தேன். வழி முழுக்க அதே நினைப்புதான்.

பழைய கார் ஃபெயில் ஆகிறதுக்கு வயசு மட்டும் காரணம் இல்லை. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பு போடுறாங்க இல்லையா, அந்த உப்புத் தண்ணி அடிப்பக்கத்தைத் தின்னுடும். பார்வைக்குக் கார் பளபளன்னு இருக்கும். ஆனால் சஸ்பென்ஷன், சீட் பெல்ட் மாதிரியான பாகங்களை மாட்டியிருக்கிற இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள தகடு துருப்பிடிச்சு ஓட்டையாயிருந்தால் ஃபெயில்தான்.

இன்னொரு பக்கம், சில்லறைக் காரணங்களுக்கும் ஃபெயில் ஆகும். எரியாத பிரேக் லைட், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர், கண்ணாடியைச் சரியா துடைக்காத வைப்பர். கண்ணாடி கழுவுகிற தண்ணி காலியா இருந்தாலும் ஃபெயில்! சோதனைக்கு முந்தின வாரம் பத்து நிமிஷம் காரைச் சுற்றிப் பார்த்தால் இதெல்லாம் தெரிஞ்சுடும்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலைமையில் இருக்கு என்று எம்.ஓ.டி.யில் பார்க்கிறதில்லை. பாஸ் என்றால், சோதனை செய்த அன்னைக்கு, சோதிச்ச பாகங்கள் சரியா இருந்தது என்றுதான் அர்த்தம். வருஷம் முழுக்கச் செல்லுகிற உத்தரவாதம் இல்லை.

அதனால அட்வைசரியை விட்டுடாதீங்க. அது அடுத்த வருஷத்துச் செலவை இப்பவே சொல்லுது. கெடு முடிய ஒரு மாசத்துக்கு ஒரு நாள் குறைவா இருக்கும்போதே சோதனைக்குப் போகலாம், பழைய தேதி மாறாது. ஃபெயில் ஆனாலும் ரிப்பேருக்கு அவகாசம் கிடைக்கும். பழைய கார் வாங்கப் போறீங்களா? நம்பர் பிளேட் எண்ணை அரசாங்க இணையதளத்தில் போட்டால், முந்தைய சோதனைகளில் ஃபெயில் ஆனது, அட்வைசரி, ஓடிய மைல் எல்லாம் இலவசமா வரும். ஒரே அட்வைசரி மூணு வருஷமா திரும்பத் திரும்ப வந்திருந்தால், உரிமையாளர் என்னை மாதிரி ஆள் என்று புரிஞ்சுக்கலாம்.

என் கார் இன்னும் ஓடுது. பைப் மாத்தியாச்சு. இந்த வருஷமும் ஒரு அட்வைசரி வந்தது. அடுத்த வாரமே சரிசெய்துட்டேன்.